பால் டீ நிறத்தில் கியர் ஆயில் வந்தால்

போன மாதம் ஒரு தம்பி, படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினை லோடு ஆட்டோவில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். "அண்ணே, கியர் போட்டா ஒரு நேரம் பிடிக்குது, ஒரு நேரம் பிடிக்கல" என்றார். கியர்பாக்ஸின் கீழ்த் திருகைத் தளர்த்தினேன். முதலில் தண்ணீர் சொட்டியது. அப்புறம் பால் டீ நிறத்தில் ஆயில் வந்தது. படகைத் தள்ளும் காத்தாடியைக் கழற்றிப் பார்த்தால், அதற்குப் பின்னால் தண்டில் தங்கூசி நரம்பு (நைலான் தூண்டில் நூல்) ஒரு நூல்கண்டு அளவுக்கு இறுகச் சுற்றிக் கிடந்தது. ஆயில் வெளியே வராமலும் தண்ணீர் உள்ளே போகாமலும் தடுக்கும் ஆயில் சீலை அந்த நரம்புதான் அறுத்திருக்கிறது. அறுந்த வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே போய், பல் சக்கரங்களும் பேரிங்குகளும் துரு ஏறி நின்றன.

சீல் சில நூறு ரூபாய்ச் சாமான். கியர் செட் மாற்றினால் பல ஆயிரம் ஆகும். நரம்பு சுற்றிய அன்றைக்கே காத்தாடியைக் கழற்றியிருந்தால் இரண்டுமே வேண்டியதில்லை, ஒரு கத்தி போதும். தம்பி முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கடன் வாங்கி வாங்கிய எஞ்சின் அது.

நாகை கடற்கரையில் நான் எஞ்சின் வேலை பழக ஆரம்பித்தது சுனாமிக்கு அடுத்த வருஷம். கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்த பல குடும்பங்கள் ஃபைபர் படகுக்கு மாறிய காலம். மரத்தைக் கரையில் பிரித்து உலர்த்தி வைக்கத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவர்கள் அவர்கள். எஞ்சின் புதுசு. ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆள் இருந்தது, பராமரிக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அந்தக் குறை இன்னும் முழுதாகத் தீரவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருகிறது. அந்த இரண்டு மாதத்தில் படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டி வளரும் கொட்டலசைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்துவிடுகிறார்கள். தடை என்பதால் வேறு வழியில்லாமல் வேலை நடந்துவிடுகிறது. ஃபைபர் படகுக்கு அப்படி ஒரு நாளும் தானாக வராது. வருஷம் முழுக்கத் தொழில். மீன் வந்தால் படகை நிறுத்த மனசு வராது, மீன் வராத நாளில் கையில் காசு இருக்காது. ஆகவே புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாள், ஊர்த் திருவிழா நாள், கட்டுப்பாடு போட்டுத் தொழிலுக்குப் போகாத நாள், இவற்றில் ஒன்றையாவது மாதத்துக்கு ஒரு தடவை எஞ்சினுக்கு ஒதுக்குங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

அந்த ஒரு நாளில் முதலில் கழற்ற வேண்டியது காத்தாடி. பின்னால் நரம்பு இருக்கிறதா பாருங்கள், தண்டைத் துடைத்துக் கிரீஸ் தடவி, காத்தாடி நட்டு கழலாமல் பிடிக்கும் காட்டர் பின்னைப் புதிதாகப் போடுங்கள். அப்புறம் கியர் ஆயில். எஞ்சினைச் செங்குத்தாக நிறுத்தி, கீழ்த் திருகையும் பிறகு மேல் திருகையும் எடுத்தால் ஆயில் இறங்கும். நிறம் பழுப்பாகவோ கருப்பாகவோ இருந்தால் பயமில்லை. வெளுத்து வந்தால் தண்ணீர் போயிருக்கிறது, சீல் மாற்றாமல் கடலுக்குப் போகாதீர்கள். புது ஆயிலை மேலிருந்து ஊற்றக்கூடாது. உள்ளே காற்று நின்றுவிடும், நிறைந்த மாதிரி தெரியும், பாதிதான் இருக்கும். கீழ் ஓட்டையில் டியூபை வைத்து அழுத்தி, மேல் ஓட்டையில் ஆயில் வழியும்வரை ஏற்றி, முதலில் மேல் திருகைப் போட்டுவிட்டுப் பிறகு கீழ்த் திருகைப் போட வேண்டும். இரண்டு திருகுக்கும் வாஷர் புதுசு. பழைய வாஷரைத் திருப்பிப் போட்டதால் மட்டுமே தண்ணீர் புகுந்த எஞ்சின்களைப் பார்த்திருக்கிறேன்.

இது மாத வேலை. அன்றாட வேலை ஒன்றே ஒன்றுதான்: நல்ல தண்ணீர்.

எஞ்சினைக் குளிர வைப்பது கடல் தண்ணீர். அது உள்ளே போய் வந்த வழியெல்லாம் எஞ்சின் ஆறியதும் உப்பு படிகிறது. இன்று ஒரு தாள் கனம், நாளை இன்னொரு தாள். கடைசியில் தண்ணீர் போகும் துவாரமே அடைபட்டு, எஞ்சின் சூடேறி, பிஸ்டன் இறுகிவிடும். ஒரு 200 லிட்டர் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, காத்தாடி இருக்கும் எஞ்சின் காலை உள்ளே இறக்கி, தண்ணீர் உறிஞ்சும் வாய் நன்றாக மூழ்கியிருக்கிறதா என்று பார்த்து, நியூட்ரலில் மெதுவாக 10 நிமிடம் ஓட விடுங்கள். 2 நிமிடம் ஓட்டிவிட்டு "கழுவிட்டேன்" என்பவர்கள் அதிகம். எஞ்சின் சூடாகித் தெர்மோஸ்டாட் திறந்த பிறகுதான் தண்ணீர் எல்லா வழியிலும் முழுதாக ஓடும். அதற்கு முன்பே நிறுத்தினால் உப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். குடிக்கவே தண்ணீர் லாரியை எதிர்பார்க்கும் ஊர்கள் நம் கரையில் உண்டு என்பது எனக்குத் தெரியும். டிரம் தண்ணீரை ஒரே படகு கொட்டிவிட வேண்டியதில்லை. நாலைந்து படகுக்காரர்கள் சேர்ந்து ஒரு டிரம் வைத்துக்கொள்ளலாம், தண்ணீர் கரித்து எண்ணெய் மிதக்கத் தொடங்கியதும் மாற்றலாம்.

ஆனால் கரையில் தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓட்டிப் பார்க்காதீர்கள். வாங்க வருபவரிடம் சத்தம் கேட்க வைப்பதற்காக ஸ்டார்ட் செய்வார்கள். உள்ளே தண்ணீரை ஏற்றும் இம்பெல்லர் ஒரு ரப்பர்ச் சக்கரம். தண்ணீர்தான் அதற்கு வழுவழுப்பு. அது இல்லாவிட்டால் சில விநாடிகளில் இதழ்கள் கருகத் தொடங்கும். நம் கரையில் இதற்கு இன்னொரு எதிரி மணல். துறைமுகத்தில் கட்டும் படகைவிட, அலை உடையும் இடத்தில் மணலிலிருந்தே தள்ளி இறக்கும் படகின் எஞ்சின் மணலை அதிகமாகச் சேர்த்து உறிஞ்சுகிறது. மணல் ரப்பரைத் தேய்த்துவிடும். அதனால் கையேட்டில் எத்தனை மணி நேரம் போட்டிருந்தாலும், மணல் கரைக்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒரு இம்பெல்லர் என்பதே என் கணக்கு. எஞ்சினின் பக்கத்தில் பீய்ச்சும் தண்ணீரைத் தினமும் பாருங்கள். நேற்றைவிட மெலிந்திருந்தால், துவாரத்தை ஒரு மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். அப்படியும் மெலிந்தே வந்தால் படகைத் திருப்புங்கள்.

எரிபொருள் பற்றிக் கொஞ்சம். இப்போது பங்க்கில் ஊற்றும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடற்கரைக் காற்றைச் சொல்லவே வேண்டாம். கேனில் பாதியாக வாரக்கணக்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும், எஞ்சின் முதலில் குடிப்பது அதைத்தான். தேவைக்கு வாங்குங்கள், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றைக் குழாயில் போட்டுக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் வைத்திருப்பவர்கள், கரையை நெருங்கும்போதே பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும். கார்புரேட்டரில் மண்ணெண்ணெயை விட்டுவிட்டு, மறுநாள் அதிகாலை கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை போனவர்கள் எத்தனையோ பேர்.

எஞ்சின் காலில் இருக்கும் ஜிங்க் கட்டி, எஞ்சினின் அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரைவதற்காகவே வைத்தது. பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அழகுக்காக அதன்மேல் பெயின்ட் அடித்தால் அது வேலை செய்யாது.

படகுக்கு வருவோம். ஃபைபர் மக்காது என்று நம்பி ஏமாறும் இடம், எஞ்சின் மாட்டும் பின்பலகை. அதற்குள்ளே பெரும்பாலும் மரப்பலகைதான் இருக்கிறது. போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, வெளியே பளபளப்பு மாறாமல் உள்ளே மரம் மக்கிக்கொண்டிருக்கும். சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்டு வந்த சத்தம் ஓரிடத்தில் 'பொத்' என்று அடங்கினால் அங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். அலையில் ஏறி விழும்போது பின்பலகை உடைந்தால் எஞ்சினோடு படகின் பின்பக்கமே போய்விடும்.

விரிசலை நீங்களே அடைப்பதாக இருந்தால் இரண்டு விஷயம். ஈரமான ஃபைபரில் ரெசின் என்ற ஒட்டும் பிசின் பிடிக்காது. நல்ல தண்ணீரில் கழுவி, நாலைந்து நாள் வெயிலில் காயவிட்டு, விரிசலைச் சுற்றி அகலமாகச் சரிவாகத் தேய்த்த பிறகே மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்ட வேண்டும். இரண்டாவது, உயிர் சம்பந்தப்பட்டது. ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கேட்டலிஸ்டையும் ஆக்சிலரேட்டரையும் ஒருபோதும் நேராகக் கலக்காதீர்கள், ஒரே கப்பில் அளக்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஆக்சிலரேட்டரை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வை போகலாம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தெறித்துவிட்டால் கால் மணி நேரமாவது விடாமல் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் எஞ்சின் ஒரு நாள் நிற்கலாம். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும் நேரத்தில் நம் கரையில் எஞ்சின் நின்றால், படகு கரைக்கு வராது, வெளிக்கடலுக்குத்தான் போகும். ஸ்பார்க் பிளக் இரண்டு, அதைக் கழற்றும் ஸ்பானர், ஸ்டார்ட்டர் கயிறு, காட்டர் பின், ஒரு துடுப்பு, போதுமான கயிறோடு நங்கூரம் எப்போதும் படகில் இருக்கட்டும். நின்றதும் முதலில் நங்கூரத்தைப் போட்டுவிட்டு அப்புறம் மூடியைத் திறங்கள். பழுது பார்க்கும் அரை மணி நேரத்தில் எவ்வளவு தூரம் இழுத்துப் போயிருக்கிறது என்று தெரியவே தெரியாது. கடலோரக் காவல்படையின் எண் 1554, வி.எச்.எஃப். கருவியில் சேனல் 16. படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிய வேண்டும், எஞ்சின் ஓட்டுபவருக்கு மட்டும் அல்ல.

கடைசியாக, மூழ்கிய எஞ்சின். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த பிறகு, சேற்றில் புதைந்த எஞ்சின்கள் வரிசையாக வந்தன. சேதக் கணக்கு எடுக்கும்வரை தொடக்கூடாது என்று நினைத்து வெயிலில் போட்டு வைத்திருந்தவர்களின் எஞ்சின்களில் ஒன்றிரண்டைத்தான் காப்பாற்ற முடிந்தது. போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் காத்திருக்காதீர்கள். தண்ணீருக்குள் இருக்கும்வரை துரு மெதுவாகத்தான் பிடிக்கும். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் மணிக்கணக்கில் பிடித்துவிடும். எடுத்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி, உள்ளே இருக்கும் தண்ணீரை வடித்து, சிலிண்டருக்குள் ஆயில் விட்டு, அன்றைக்கே ஓட வைக்க வேண்டும். கயிறு இழுபடவில்லை என்றால் பலமாக இழுக்காதீர்கள், உள்ளே மணல் இருக்கலாம். மெக்கானிக் அன்றைக்குக் கிடைக்கவில்லையா, எஞ்சினை நல்ல தண்ணீர் டிரம்முக்குள் முழுதாக மூழ்கும்படி இறக்கி வைத்துவிட்டு, அப்படியே டிரம்மோடு பட்டறைக்குக் கொண்டு வாருங்கள்.