அட்டெண்டன்ஸ் பொட்டென்ஷியல்: பார்வையாளர் ஈர்ப்புத்திறன்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’), அதிலும் சிறிய கல்லூரிகளின் அணிகளைப் பற்றிப் பேசும்போது, ‘அட்டெண்டன்ஸ் பொட்டென்ஷியல்’ என்ற தொடர் அடிக்கடி வரும். இப்போது எத்தனை பேர் வருகிறார்கள் என்பதல்ல அதன் பொருள். அணி நன்றாக ஆடினால், நல்ல எதிரணி வந்தால், மேல்பிரிவுக்குப் போனால் எத்தனை பேர் வரக்கூடும் என்பதே கேள்வி. ‘வருகைச் சாத்தியம்’ என்று சொல்லுக்குச் சொல் போட்டால் பாதிப் பொருள்தான் கிடைக்கும்.

‘அட்டெண்ட்’ இலத்தீனில் ‘அத்தெந்தேரே’யாக இருந்தது. ‘அத்’ என்றால் நோக்கி, ‘தெந்தேரே’ என்றால் நீட்டுதல். மனத்தை ஒன்றை நோக்கி நீட்டுவது, அதாவது கவனிப்பது, அதன் முதற்பொருள். பழைய பிரெஞ்சில் அது காத்திருத்தல் ஆனது. இன்றைய பிரெஞ்சிலும் ‘அத்தாந்த்ர்’ என்றால் காத்திருப்பதுதான். ஆங்கிலத்தில் கவனித்தல், பணிவிடை செய்தல் என்ற பொருள்கள் முன்னே வந்தன. ஓரிடத்தில் நேரில் இருத்தல் என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டளவில்தான் ஊன்றியது. நம் அலுவலகங்களில் ‘அட்டெண்டர்’ என்று அழைக்கப்படுபவரிடம் அந்தப் பணிவிடைப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘பொட்டென்ஷியல்’ வலிமையைக் குறிக்கும் இலத்தீன் ‘பொத்தென்ஷியா’விலிருந்து வந்தது.

விளையாட்டில் அட்டெண்டன்ஸ் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு கணக்குகள் கிடக்கின்றன: விற்ற சீட்டுகள், வாசலில் உள்ளே நுழைந்த தலைகள், ஒலிபெருக்கியில் அறிவிக்கும் எண். இவை ஒன்றுக்கொன்று பொருந்துவது அரிது. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ ஒரு காலத்தில் விதித்த நிபந்தனையிலேயே இந்தக் குழப்பம் இருந்தது. எஃப்பிஎஸ் எனப்படும் மேல்பிரிவில் நீடிக்க ஓர் அணி இரண்டாண்டுக்கு ஒருமுறையாவது சொந்த மைதானத்தில் சராசரி 15,000 பேரைக் காட்ட வேண்டியிருந்தது. உண்மையில் வந்தவர்களைக் காட்டினாலும் சரி, விற்ற சீட்டைக் காட்டினாலும் சரி. 2023 அக்டோபரில் இந்த நிபந்தனையை நீக்கிவிட்டு, மேல்பிரிவுக்கு ஏறுவதற்கான கட்டணத்தை 5,000 டாலரிலிருந்து 50 லட்சம் டாலராக உயர்த்தினார்கள். தலைகளை எண்ணிய இடத்தில் பணத்தை எண்ணத் தொடங்கியது எனக்கு வருத்தமே. சிறிய ஊரின் கூட்டத்துக்கு இருந்த மதிப்பு அதனால் குறைந்தது.

ஒரு சிறிய அணிக்குள் எவ்வளவு ஈர்ப்பு ஒளிந்திருக்கும் என்பதற்கு மினசோட்டாவின் காலேஜ்வில் நல்ல சான்று. அங்குள்ள செயின்ட் ஜான்ஸ் ஆண்கள் மட்டும் படிக்கும் கத்தோலிக்கக் கல்லூரி. மாணவர் தொகை இரண்டாயிரத்துக்கும் குறைவு. ஆடுவது மூன்றாம் பிரிவில். அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. மரங்கள் சூழ்ந்த சரிவில் அமைந்த கிளெமன்ஸ் மைதானத்தில் ஏறத்தாழ 7,500 இருக்கைகள். ஆனால் 2017 செப்டம்பரில் பரம எதிரியான செயின்ட் தாமஸுடனான ஆட்டத்தை மினியாபொலிஸ் நகரின் டார்கெட் ஃபீல்டு என்ற பேஸ்பால் அரங்கில் நடத்தியபோது 37,355 பேர் வந்தார்கள். மூன்றாம் பிரிவில் அதற்குமுன் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. அந்தக் கூட்டம் ஒரே நாளில் முளைத்ததல்ல. 1953 முதல் 2012 வரை அங்கே பயிற்றுநராக இருந்த ஜான் காலியார்டி தம் பயிற்றுநர் வாழ்க்கையில் மொத்தம் 489 வெற்றிகள் கண்டவர். தலைமுறை தலைமுறையாகப் பழைய மாணவர்கள் அந்த அணியோடு வளர்ந்தார்கள். இருக்கை எண்ணிக்கையை மட்டும் பார்த்தவருக்கு அது தெரிந்திருக்காது.

ஈர்ப்பின் காரணம் ஊருக்கு ஊர் மாறும். மொன்டானா மாநிலத்தில் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்) போன்ற பெருந்தொழில்முறை லீக்குகளில் ஆடும் அணி ஒன்றுகூட இல்லை. ஏறத்தாழ 75,000 பேர் வாழும் மிசூலாவில் மொன்டானா பல்கலைக்கழக அணியின் 25,000 இருக்கைகள் கொண்ட மைதானம் நிரம்புகிறது. மிசிசிப்பியில் கறுப்பின மாணவர்களுக்காகத் தோன்றிய ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகம், முன்னாள் என்எஃப்எல் நட்சத்திரம் டியான் சாண்டர்ஸ் பயிற்றுநராக இருந்த 2021இல் சராசரி 42,000 பேருக்கு மேல் ஈர்த்தது. அங்கே இடைவேளையில் அணிவகுக்கும் ‘சானிக் பூம் ஆஃப் தி சவுத்’ வாத்தியக் குழுவைப் பார்க்கவென்றே வருபவர்களும் உண்டு.

இனி தமிழுக்கு வருவோம். ‘வருகை’ பள்ளிப் பதிவேட்டுக்கு மிகப் பொருத்தம். அங்கே வந்தே ஆக வேண்டியவர்களைக் கணக்கெடுக்கிறோம். மைதானத்துக்கு வருபவர் விரும்பி வருகிறார். அதனால் வெறும் அட்டெண்டன்ஸுக்குச் செய்தித்தாள்கள் எழுதும் ‘பார்வையாளர் எண்ணிக்கை’ தெளிவானது. ‘வரவு’ என்ற சொல்லும் என்னைக் கவர்கிறது. வந்து சேர்தலும் அதுதான், வருமானமும் அதுதான். ஆங்கிலத்தில் ‘கேட்’ என்றால் கூடிய கூட்டமும் வசூலான பணமும் சேர்ந்தே வருவதுபோல. ஆனால் இன்று ‘மைதானத்தின் வரவு’ என்றால் வாசகர் பணத்தை மட்டுமே நினைப்பார்.

பொட்டென்ஷியலுக்குச் ‘சாத்தியக்கூறு’ வேண்டாம். அது நடக்குமா நடக்காதா என்ற ஐயத்தைச் சொல்கிறது. உள்ளே இருக்கும் வலிமையைச் சொல்லவில்லை. ‘நிலையாற்றல்’ இயற்பியலுக்குச் சொந்தமாகிவிட்டது. நம் பேச்சில் ‘கூட்டத்தை இழுக்கும்’ என்று படத்தையும் திருவிழாவையும் சொல்கிறோமே, அந்த வழியே சரி. இழுக்கும் ஆற்றலை அணியின் பக்கம் வைப்பதால் ‘பார்வையாளர் ஈர்ப்புத்திறன்’ என்பதே என் தேர்வு. ‘ஆள்திரட்டும் திறன்’ என்றால் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த அரசியல் கூட்டத்தின் வாடை வரும், அதைத் தவிர்க்கலாம்.

கூடவே வரும் ‘ப்ரோகிராம்’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். கல்லூரி விளையாட்டில் அது நிகழ்ச்சியோ திட்டமோ அல்ல; வீரர், பயிற்றுநர், மைதானம், உதவித்தொகை எல்லாம் சேர்ந்த அமைப்பு. பெரும்பாலான இடங்களில் ‘அணி’ என்றாலே போதும். ‘சிறிய கல்லூரி அணிகளின் பார்வையாளர் ஈர்ப்புத்திறன்’ என்று எழுதுங்கள். எண்ணைச் சொல்லும்போது அது விற்ற சீட்டா, வாசல் கணக்கா என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.