அறுவடையில் டிராக்டருக்கு மூச்சு முட்டுவது எப்படி?

காவிரி டெல்டாவில் சம்பா அறுவடை தொடங்கிவிட்டால், நெல் அறுக்கும் மெஷினுக்குப் பின்னாலேயே வைக்கோல் கட்டும் டிராக்டர்களும் வயலில் இறங்கிவிடும். பெரும்பாலும் 45, 50 குதிரைத்திறன் வண்டிகள். சேற்றுழவில் நாள் முழுக்கச் சளைக்காமல் ஓடிய வண்டி, இங்கே மதியத்துக்குள் ஹீட் ஏறி நின்றுவிடும். உடனே இன்ஜினைப் பிரிக்கக் கிளம்புவார்கள். பல நேரம் இன்ஜினில் ஒரு கோளாறும் இருக்காது. அதற்குக் காற்று போகவில்லை, அவ்வளவுதான்.

டீசலை எரித்துக் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகிறது. இன்னொரு பெரும்பங்கு புகையோடு போய்விடும். மிச்ச வெப்பத்தில் பெரும்பகுதியை ரேடியேட்டர் தண்ணீர்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். 45 குதிரைத்திறன் இன்ஜினில், முழுப் பாரத்தில், இது சுமார் 20 கிலோவாட்டைத் தொடும். வீட்டு கீசர் பத்தை ஒரே நேரத்தில் போட்ட மாதிரி.

சாலையில் ஓடும் லாரிக்கு எதிர்காற்று கைகொடுக்கும். வைக்கோல் கட்டும் டிராக்டரோ நடை வேகத்தில் நகர்கிறது. கட்டும் கருவியைச் சுழற்றுகிற, டிராக்டரின் பின்னாலுள்ள பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுற்றியாக வேண்டும் என்பதால் இன்ஜின் வேகத்தையும் குறைக்க முடியாது. பனி ஈரம் காய்ந்த பிறகே வைக்கோல் கட்ட முடியும். ஆகவே வேலையெல்லாம் உச்சி வெயிலில். முழுக்க முழுக்க ஃபேன் இழுக்கும் காற்றை நம்பித்தான் ஓட்டம். அந்தக் காற்று முழுக்கப் பதரும் சுணையும் வைக்கோல் தூளும்.

ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே உள்ள சந்து சில மில்லிமீட்டர்தான். ஒரு வைக்கோல் துண்டு குறுக்கே படுத்தால் அதன்மேல் சுணை பின்னும், சுணையின்மேல் தூசி படியும். முன்வலை சுத்தமாகத் தெரியும்போதே உள்ளே அடைத்துக்கிடக்கும். ஆயில் கசிவும் இருந்தால் தூசி பசையாகிவிடும், ஊதினாலும் போகாது.

ரேடியேட்டர் மூடியையும் பார்க்க வேண்டும். அது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் வாஷர் போய்விட்டால் சீக்கிரமே கொதி வரும். சிலிண்டர் ஹெட்டில் நீராவி தேங்கிய இடத்தைத் தண்ணீர் தொடாது. அந்த இடம் மட்டும் காய்ந்து, ஹெட் வளைந்து, அதற்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போகும்.

ஹீட் மீட்டர் முள் சிவப்பைத் தொட்டால் பி.டி.ஓ.வை விடுவித்து, ஸ்லோவில் ஓடவிடுங்கள். உடனே அணைத்தால் தண்ணீர் ஓட்டம் நின்று, சூடு ஹெட்டிலேயே தங்கிவிடும். தண்ணீர் கொட்டிப்போயிருந்தால் மட்டும் உடனே அணைக்க வேண்டும். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். ஆறிய பிறகு, இன்ஜினை அணைத்து, ஃபேன் பக்கமிருந்து முன்பக்கமாகக் காற்று அடியுங்கள். முன்னாலிருந்து அடித்தால் தூசி இன்னும் உள்ளேதான் இறுகும்.

காற்றுக்கு இன்னொரு பாதையும் உண்டு. ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரியக் குறைந்தது 12 கிலோ காற்று வேண்டும். கன அளவில் சுமார் 10,000 லிட்டர். அத்தனையும் ஏர் கிளீனர் வழியே வருகிறது. அடியில் எண்ணெய்க் கிண்ணம் உள்ள ஆயில் பாத் வகையில் தூசி எண்ணெயில் மோதிப் படிந்துவிடும். தப்பியதை நனைந்த கம்பிவலை பிடிக்கும். எண்ணெய் சேறாகிவிட்டால் இன்ஜின் இழுக்காது, கரும்புகை தள்ளும். அறுவடை நாட்களில் அந்தக் கிண்ணத்தைத் தினமும் திறந்து பார்ப்பதுதான் சரி என்பேன். குறியைத் தாண்டி எண்ணெய் ஊற்றினால் இன்ஜினே அதை உறிஞ்சிவிடும், ஜாக்கிரதை.

நெல் உமியை எரித்தால் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். அதில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் கடினப் பொருள். வயல் மண்ணிலும் அதுவேதான். இந்தத் தூசி வடிகட்டாமல் உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரின் உள்சுவரான லைனரையும் அரைத்துத் தேய்த்துவிடும். ஏர் கிளீனருக்கு அடுத்த ரப்பர் ஹோஸைக் கழற்றி, உள்சுவரை விரலால் துடைத்துப் பாருங்கள். விரலில் மாவு போலத் தூசி ஒட்டினால், முதலில் பார்க்க வேண்டியது அந்த ஹோஸின் கிளிப்பும் அதன் வெடிப்பும்தான்.