டெப்த் ஹோர்னா என்ன, தமிழ்ல எப்படி சொல்லலாம்?

அக்டோபர் நவம்பர்ல அமெரிக்காவோட கொலராடோ மலைப்பக்கம் முதல் பனி விழுந்த உடனே ஸ்கீய, அதாவது பனிச்சறுக்குப் பலகைய, தூக்கிட்டு கிளம்புறவங்க, அங்க இருக்க அவலாஞ்ச் (சரிவுல பனி மொத்தமா பேந்து கீழ வர்றது) தகவல் மையத்தோட அறிக்கைய பாத்தா திரும்ப திரும்ப கண்ணுல படுற வார்த்தை இது. தரைய ஒட்டி, பனியோட அடி அடுக்குல, ஒன்னோட ஒன்னு ஒட்டாம கிடக்குற பெரிய பெரிய பனிப் பரல்களுக்குதான் டெப்த் ஹோர்னு பேரு.

ஹோர் பழைய ஆங்கிலச் சொல், நரைச்சதுன்னு பொருள். ஊட்டில டிசம்பர் ஜனவரி காலைல புல்லு மேல வெள்ளையா படியுதே, அதுதான் ஹோர் ஃப்ராஸ்ட், காத்துல இருக்க நீராவி தண்ணியாகாம நேரா பனியா உறையுறது. டெப்த் ஹோரும் அதே வழிதான், ஆனா பனிக்கு உள்ளயே நடக்குது. தரை கிட்டத்தட்ட 0 டிகிரில இருக்கும், மேகமில்லாத ராத்திரில பனியோட மேல்பக்கம் மைனஸ் 15க்கு கூட போகும், நடுவுல அரை மீட்டர் பனி கூட இருக்காது. மீட்டருக்கு சுமார் 10 டிகிரிக்கு மேல வித்தியாசம் வந்தாலே நீராவி வேகமா மேல ஏற ஆரம்பிச்சு, பழைய பரலுங்க கரைஞ்சு, உள்ள குழிவா, ஓரமெல்லாம் வரிவரியா புதுப் பரல் வளரும். பிரெஞ்சுக்காரங்க இத கோப்பைனே சொல்றாங்க, ஜெர்மன்ல ஷ்விம்ஷ்னே, அதாவது நீந்துற பனி.

சீசன் ஆரம்பம்தானே, பனியே கம்மி, அவலாஞ்ச் எங்க வரப்போகுதுன்னு நினைக்கிறது ரொம்ப ஆபத்து, ஏன்னா கம்மியா இருக்கறதாலதான் இது வளருது. வெயில் படுற தெற்குச் சரிவுல அந்த முதல் பனி பெரும்பாலும் உருகிடும், வடக்கு பாத்த நிழல் சரிவுல அப்படியே தங்கும், அதுக்கு மேல ஒரு பெரிய புயல் வந்து கெட்டியா ஒரு பலகை மாதிரி புதுப் பனிய ஏத்தினா, ஒரே ஒரு ஆளோட எடை போதும், அடி உடைஞ்சு "வும்ஃப்"னு சத்தம் வரும், 30லேருந்து 45 டிகிரி சரிவா இருந்தா மொத்தமா கிளம்பிடும். கீழ சமதரைல நடந்தா கூட மேல இருக்கறது உடைஞ்சு வரலாம்.

அவலாஞ்ச்சுக்கு பனிச்சரிவுன்னு நல்ல சொல் ஏற்கனவே பழக்கத்துல இருக்கு. டெப்த் ஹோர ஆழ் உறைபனின்னு நேரா மாத்தலாம், ஆனா எனக்கு அது சரியா படல, உறைபனின்னா இறுகிப்போனதுன்னு தோணும், இங்க ஆபத்தே இறுகாததாலதான். குழி தோண்டி அடிப்பனிய கைல அள்ளி இறுக்கிப் பிடிச்சு பாருங்க, உருண்டையாகாது, விரல் இடுக்குல பொலபொலன்னு கொட்டும். அதனால அடியுதிர்பனின்னு சொல்லலாம்ங்கறது என் கருத்து. பேச்சுல சீனிப்பனி போதும், மலையேறுறவங்களும் ஆங்கிலத்துல அப்படிதான் சொல்றாங்க. "வடக்குச் சரிவுல சீனிப்பனி இருக்கு, மேல புதுசா வேற விழுந்திருக்கு, 30 டிகிரிக்கு கீழயே போவோம்"னு சொன்னா கூட வர்றவங்களுக்கு உடனே புரியும்.