பங்கேற்று உற்றுநோக்குநர்: சொல் விளக்கம்

தாம் ஆராயும் மக்களின் அன்றாடச் செயல்களில் தாமும் கலந்துகொண்டு, அங்கு நடப்பவற்றை நெடுநாள் நேரில் கண்டு பதிவுசெய்யும் ஆய்வாளரை ஆங்கிலத்தில் 'பார்ட்டிசிபன்ட் அப்சர்வர்' என்பர். 1924இல் அமெரிக்கக் கல்வியாளர் எடுவர்ட் லிண்டமன் இத்தொடரைக் கையாண்டபோது, குழுவுக்குள்ளேயே இருந்து ஆய்வாளருக்குச் செய்தி தரும் உறுப்பினரை அது குறித்தது. வெளியிலிருந்து உள்ளே செல்லும் ஆய்வாளருக்கு அப்பெயர் வாய்த்தது பின்னர்தான்.

முதற்சொல் இலத்தீன் வழியது. பங்கு, கொள்ளுதல் என்னும் இரு பொருள்களும் சேர்ந்து அமைந்தது. எனவே 'பங்கேற்பு' அதற்கு நேரான சொல். இரண்டாம் சொல்லைத் தேர்வதில்தான் கவனம் தேவை. 'பார்வையாளர்' விலகி நின்று காண்பவர். 'கவனிப்பு' பேணுதலையும் குறிக்கும். இலங்கையில் வழங்கும் 'அவதானம்' பிழையற்றது. ஆயினும் 'உற்றுநோக்கல்' என்பதே என் தேர்வு. 'உறு' என்னும் வினைக்கு அடைதல், நெருங்குதல், பொருந்துதல் எனப் பொருள்கள் உண்டாதலால், கிட்டச் சென்று காண்பதென்னும் கருத்து அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

1958இல் சமூகவியலாளர் ரேமண்ட் கோல்ட், களத்தில் ஆய்வாளர் ஏற்கும் நிலைகளை முழுப் பங்கேற்பாளர் முதல் முழு உற்றுநோக்குநர் வரை நான்காக வகுத்தார். இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து இறுதிவரை அதிலேயே நிற்கலாம் என்று பாடநூல் வழியாக எண்ணிக்கொண்டு ஒரு பள்ளியை ஆராயச் செல்பவர்க்கு அப்பள்ளிக்கூடம் வேறொன்றைக் கற்பிக்கும். தொடக்கத்தில் அவரை மேலதிகாரி அனுப்பிய ஆள் என்றே ஆசிரியர்கள் ஐயுறுவர். 'ஆய்வாளர்' என்னும் சொல்லே தமிழில் பள்ளிகளைச் சோதிக்கும் அலுவலரையும் குறிப்பதால் அந்த ஐயம் எளிதில் தீராது. வாரங்கள் செல்லச் செல்ல, ஆசிரியர் வெளியே போகும்போது வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார். அப்போது பின்வரிசை மாணவன் துண்டுச்சீட்டொன்றை அவர் கண்ணெதிரிலேயே அடுத்தவனுக்குக் கடத்திவிட்டு, அவர் முகத்தைப் பார்ப்பான். அதட்டினால் அவரும் ஓர் ஆசிரியராகிவிடுவார். வாளாவிருந்தால் ஆசிரியரின் நம்பிக்கை குறையக்கூடும்.

இங்கிலாந்துப் பள்ளிகளை 1960களில் ஆராய்ந்த டேவிட் ஹார்கிரீவ்ஸ், காலின் லேசி இருவரும் அங்கே பாடமும் நடத்தினர். மாறாக, பெரியவருக்குரிய அதிகாரத்தை இயன்றவரை துறந்து குழந்தைகளோடு கலக்கும் நிலையை 1988இல் நான்சி மாண்டல் முன்வைத்தார். எதுவாயினும், பாடம் நடத்தியவரிடம் மாணவர் சொல்வதும், அருகில் அமர்ந்தவரிடம் சொல்வதும் ஒன்றாக இரா. ஆகவே, களக்குறிப்பில் நாளையும் இடத்தையும் குறிப்பதுபோல, அவ்வேளையில் தாம் எந்நிலையில் இருந்தார் என்பதையும் ஆய்வாளர் எழுதிவைத்தல் வேண்டும்.