பன்னிரண்டாம் படகு ஏன் அடிக்குப் போனது?

திருகோணமலையில் ஒரு மீனவர் சங்கத்துக்குச் சின்னதாக ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். நிலாவெளி முதல் மூதூர் வரை 160 படகுகள். மண்ணெண்ணெய் கொடுக்கும் நாளில் பட்டியலை அச்செடுத்து, மேலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். ஒரு வருடம் படகு இலக்கப்படியே ஒழுங்காக வந்தது. ஒருநாள் காலை 12ஆம் இலக்கப் படகுக்காரர் தாளோடு வந்து நின்றார்.

"தம்பி, என்ர பேர் எப்பிடிக் கடைசிக்குப் போச்சு?"

யாரும் அவரை இறக்கவில்லை. முதல்நாள் அவருடைய ஃபோன் நம்பரை மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான்.

நான் பயன்படுத்தியது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம். அது பதிவுகளை 8 கிலோபைட் பக்கங்களில் வைக்கும். ஒரு பதிவைத் திருத்தினால் பழையதன் மேல் எழுதாது. இடமுள்ள பக்கத்தில் புதுப் பிரதியை எழுதிவிட்டு, பழையதைச் செல்லாததாக்கும். முன்பக்கங்கள் நிறைந்திருந்ததால் மனிதர் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டார். தப்பு என்னுடையதுதான். ‘ஆர்டர் பை’ என்ற கட்டளைச் சொல்லைப் போட்டு வரிசையைக் கேட்கவே இல்லை. கேட்காவிட்டால் எந்த வரிசையிலும் தரலாம் என்பது தரவுத்தளத்திடம் கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லின் விதி. 1970இல் எட்கர் காட் என்ற கணினி அறிஞர், தரவை அட்டவணைகளாகப் பார்க்கும் உறவுசார் மாதிரியை முன்வைத்தபோதே, பதிவுகளின் வரிசைக்குப் பொருள் இல்லை என்று சொல்லிவிட்டார்.

சரி, இன்டெக்ஸ் போட்டால்? நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்டெக்ஸ் என்பது இலக்கங்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் அருகிலும் பதிவு கிடக்கும் இடத்தைக் குறித்துவைக்கும் தனி அடுக்கு. அதைப் பிடித்துக்கொண்டு போனால் வரிசையாகத்தான் வரும். போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது தரவுத்தளத்துக்குள் இருக்கும் ‘பிளானர்’ என்ற பகுதி. 160 பதிவுகள் நாலைந்து பக்கத்தில் அடங்கிவிடும். இன்டெக்ஸைப் புரட்டுவதைவிட முழுவதையும் வாசிப்பதே அதற்கு மலிவு. பெரிய அட்டவணையில் இன்னொரு கூத்து: இன்டெக்ஸில் தேடிக் கிடைத்த இடங்களை முதலில் குறித்துக்கொண்டு, அப்புறம் பக்க ஒழுங்கில் போய் எடுக்கும். இன்டெக்ஸைப் பயன்படுத்தியும் அதன் வரிசை வராது!

மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் சேமிப்பைப் பார்த்துக்கொள்ளும் இன்னோடிபி, பதிவுகளையே முதன்மைச் சாவியின் (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பின்) வரிசையில் வைப்பதால் பலருக்கு இந்தக் குட்டு உடைவதே இல்லை, பிளானர் வேறொரு இன்டெக்ஸுக்குத் தாவும் நாள் வரை. ஆர்டர் பை கேட்ட வரிசையிலேயே இன்டெக்ஸ் இருந்தால், தனியாக அடுக்கும் வேலை மிச்சமாகும். இன்டெக்ஸிடம் எதிர்பார்க்கக்கூடியது அந்த வேகம் மட்டுந்தான்.

ஆர்டர் பை சேர்த்துத் திரும்ப அச்செடுத்தேன். 12ஆம் படகு 24ஆவது இடத்தில் நின்றது. 1, 10, 100, 101 என்று 109 வரை, பிறகு 11, அதன் பின் 110 முதல் 119. இலக்கத்தை எண்ணாக அல்ல, எழுத்தாகச் சேமித்திருந்தேன்.

அவர் முகத்தைப் பார்க்காமலே அட்டவணையின் அந்த இலக்கப் பத்தியை எண்ணாக மாற்றினேன்.