நனைந்த ஜெனரேட்டரும் நிறுத்திய அணு உலையும்

2011 ஜனவரி வெள்ளம் வடிந்த கையோடு, மட்டக்களப்புப் படுவான்கரையில் ஓர் அரிசி ஆலைக்குப் போனேன். அங்கே ஜெனரேட்டர் மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்திருக்கிறது. எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினால் பால் தேநீர் நிறம். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினோம். சிலிண்டருக்குள் நின்ற தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அப்படியே ஸ்டார்ட் பண்ணியிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்திருக்கும். எண்ணெயை இரண்டு தரம் மாற்றி, அல்டர்னேட்டரை பல்ப் சூட்டில் நாலு நாள் உலர்த்தினோம். அப்புறம் கம்பிச்சுற்றின் காப்பை அளக்கும் மெகர் கருவியை வைத்தபோது அளவு சரியாக வந்தது.

“தம்பி, இனி ஓட்டலாம்தானே?” என்றார் முதலாளி.

எஞ்சின் தயார்தான். ஆனால் அது நின்றது அதே பள்ளத்தில். மாரிக்கு முன் மேடை கட்டுவதாகப் பேசிக்கொண்டு ஓட்டிக் கொடுத்தேன்.

இரண்டு மாதத்தில் ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையத்தைச் சுனாமி அடித்தது. சுனாமி என்றால் என்னவென்று கல்முனையிலோ நாவலடியிலோ யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எல்லோரும் கதிர்வீச்சைப் பற்றிக் கேட்டார்கள். என் கண் போனது ஜெனரேட்டர்கள் மேல். நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காகத்தான் நின்றன. ஆனால் அணு உலை, அணைத்த பிறகும் தணல் கிடக்கும் அடுப்பு மாதிரி. நிறுத்தியவுடன் முழு வலுவில் 6 சதவீதத்துக்கு மேல் வெப்பம் இருக்கும், ஒரு நாள் கழித்தும் அரை சதவீதமளவு. அதைத் தணிக்கப் பம்பு ஓட வேண்டும், பம்புக்குக் கரண்ட் வேண்டும். ஏறத்தாழ 6 மீட்டர் அலைக்குக் கணக்குப் போட்ட இடத்தில் 14 மீட்டர் அளவுக்குத் தண்ணீர் ஏறியது. நிலக்கீழ் தளத்து ஜெனரேட்டர்கள் மூழ்கின.

6ஆம் உலையில் காற்றால் குளிரும் ஜெனரேட்டர் ஒன்று தப்பியது. அதை வைத்தே 5, 6 இரண்டையும் காப்பாற்றினார்கள். அவ்வளவு பாடுபட்டும் அந்த இரண்டும் மறுபடி ஓடவேயில்லை. 2014 ஜனவரியில் நிரந்தரமாக மூடினார்கள். ஊரே வெளியேறிக் கிடக்கும்போது பக்கத்து உலையை யார் மூட்டுவது?

அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டில் கதை வேறு. 1979 மார்ச்சில் 2ஆம் உலை பகுதியாக உருகியது. திறந்தபடியே சிக்கிக்கொண்ட வால்வை மூடியதாக நினைத்தார்கள். கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்த விளக்கு, ‘மூடு’ என்ற கட்டளை போனதா என்பதைத்தான் காட்டியது, வால்வு மூடியதா என்பதை அல்ல. பக்கத்து 1ஆம் உலைக்கு ஒரு கீறலும் இல்லை. இருந்தும் அதை ஓட்ட ஆறரை வருடம் எடுத்தது, 1985 அக்டோபர் வரை. நடுவில், 1981இல், உலையை இயக்குபவர்களின் உரிமப் பரீட்சையில் பார்த்தெழுதியது பிடிபட்டது. ஆறரை வருடம் அதிகம் என்பவர்கள் உண்டு. பார்த்தெழுதியவர்களின் கையில் அந்தப் பலகையைக் கொடுக்க எனக்கு மனம் வராது. மெகர் மனுசனை அளக்காது.

ஜப்பானின் காஷிவாசாகி-கரிவா நிலையத்திலும் அப்படித்தான். ஊழியர் ஒருவர் இன்னொருவரின் அட்டையைக் காட்டிக் கட்டுப்பாட்டு அறைக்குள் போனது உட்படப் பல பாதுகாப்புக் குறைகளால் 2021இல் உலைகளை ஓட்ட முடியாதபடி தடை போட்டார்கள். 2023 டிசம்பரில்தான் எடுத்தார்கள்.

அந்த 2011 மார்ச் கடைசியில் அரிசி ஆலைக்குத் திரும்பப் போனேன். சுவரில் வெள்ளத்தின் சேற்றுக்கோடு என் இடுப்புக்குச் சற்று மேலே நின்றது.

“இதுக்கு மேல ரெண்டடி வச்சுக் கட்டுவம்” என்றார் முதலாளி.

கேற்றடியிலிருந்த கிழவர், “57 வெள்ளம் இதையும் விட ஏறினது, மகன்” என்றார்.

மேசனிடம் அளவை மாற்றிச் சொன்னோம்.