மேப் தரும் எண், படகு கேட்கும் எண்

கூகுள் மேப்பில் பாம்பன் பாலத்தைப் பெரிதாக்கி அதன் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஒரு சிவப்புக் குறி விழும். கூடவே 9.2826, 79.2016 என்பதுபோல் இரண்டு எண்கள் வரும். கணினியில் என்றால் மவுஸின் வலது பொத்தானைத் தட்ட வேண்டும். திறக்கும் பட்டியலின் முதல் வரியே அந்த எண்கள்தான். அதைச் சொடுக்கினால் காப்பி ஆகிவிடும். முதல் எண் அட்சரேகை, அதாவது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எத்தனை டிகிரி என்பது. அடுத்தது தீர்க்கரேகை, கிரீன்விச்சுக்குக் கிழக்கே எத்தனை டிகிரி என்பது.

எண்ணை எடுப்பதில் சிரமம் எதுவும் இல்லை. அதைக் கருவிக்குக் கொடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. மேலே சொன்ன இலக்கங்களை அதே வரிசையில் படகின் ஜிபிஎஸ் கருவியில் 9° 28.26', 79° 20.16' என்று நிரப்பிவிட்டால், அது காட்டும் இடம் பாம்பனுக்கு வடகிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, வடகடலின் (பாக் நீரிணையின்) நடுவே இருக்கும். கருவியும் பழுதில்லை, மேப்பும் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒரே இடத்தை வெவ்வேறு முறையில் எழுதுகின்றன, அவ்வளவுதான்.

முதலில், விரலை அழுத்தும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இணைய வரைபடங்கள் பெரும்பாலும் 1569இல் மெர்கேட்டர் வகுத்த முறையின் ஒரு வடிவத்தில் உருண்டைப் பூமியைத் தட்டையான சதுரமாக விரித்து வைத்திருக்கின்றன. மிகச் சிறிய அளவில் முழு உலகமும் 256 திரைப்புள்ளி (பிக்சல்) அகலமுள்ள ஒரே சதுரத்தில் அடங்கிவிடும். ஒரு படி பெரிதாக்கினால் அகலம் இரட்டிப்பாகும், இன்னொரு படிக்கு மறுபடியும் இரட்டிப்பு. நீங்கள் தொட்ட புள்ளி இடமிருந்து எத்தனையாவது என்பதை வைத்துத் தீர்க்கரேகை நேரடியாகக் கிடைத்துவிடும். மேலிருந்து கீழே வரும் கணக்குக்கு மட்டும் ஒரு சூத்திரம் வேண்டும், ஏனென்றால் மெர்கேட்டர் படம் துருவத்தை நோக்கிப் போகப் போக நீண்டுகொண்டே போகும்.

ஆகவே, எவ்வளவு பெரிதாக்கிவிட்டுத் தொடுகிறோம் என்பது முக்கியம். நம் கடற்கரை இருக்கும் அட்சரேகையில், பத்தாவது படியில் திரையின் ஒரு புள்ளி ஏறக்குறைய 150 மீட்டர். விரல்நுனி நாற்பது புள்ளிகளை மறைக்கிறது என்றால் அதன் அடியில் 6 கிலோமீட்டர் இருக்கிறது. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடைப்பட்ட கடல் முழுவதும் அதற்குள் போய்விடும். பதினைந்தாவது படியில் ஒரு புள்ளி 5 மீட்டருக்கும் குறைவு. பதினெட்டாவது படியில் சுமார் 60 சென்டிமீட்டர். ஜெட்டியின் கல் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிய பிறகுதான் விரலை வைக்க வேண்டும்.

தசமப் புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் தேவை? ஒரு டிகிரி அட்சரேகை என்பது இங்கே சுமார் 110.6 கிலோமீட்டர். நான்காவது இலக்கம் 11 மீட்டரைக் குறிக்கும், ஐந்தாவது 1 மீட்டரை, ஆறாவது 11 சென்டிமீட்டரை. திறந்த வானத்தின் கீழ் கைபேசியின் ஜிபிஎஸ் 5 மீட்டர் அளவில்தான் துல்லியம் தரும். ஐந்து இலக்கத்துக்கு மேல் எழுதிவைப்பதால் பயன் எதுவும் இல்லை.

பலர் முகவரிப் பட்டையிலுள்ள இணைப்பை அனுப்பிவிட்டு, அதில் @ குறிக்குப் பின்னால் வரும் எண்களையே இடம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவை திரையின் நடுப்பகுதிக்கான எண்கள். குறி விழுந்த இடம் திரையின் ஓரத்தில் இருந்தால் இரண்டும் வேறு வேறு.

இப்போது எழுதும் முறைக்கு வருவோம். மேப் காட்டுவது தசம டிகிரி. கடலில் அதை யாரும் விரும்புவதில்லை, அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஒரு டிகிரியை அறுபது மினிட்டாகப் பிரித்தால், அட்சரேகையில் ஒரு மினிட் என்பது ஏறக்குறைய ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். 9° 16'இலிருந்து 9° 21'க்கு நேர் வடக்கே போனால் ஐந்து கடல் மைல் ஓடியாயிற்று. கணக்கே போட வேண்டாம். அதனால்தான் கடல் கருவிகள் பெரும்பாலும் டிகிரியையும் தசம மினிட்டையும் காட்டுகின்றன. மாற்றுவது எளிது: தசமப் பகுதியை மட்டும் 60ஆல் பெருக்க வேண்டும். 0.2826 × 60 = 16.956. எனவே 9.2826 என்பது 9° 16.956'. அதேபோல் 79.2016 என்பது 79° 12.096'.

மூன்றாவது முறையில் மினிட்டுக்குப் பிறகு செகண்டும் உண்டு. மீன் கிடைக்கக்கூடிய இடங்களை இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் சேவை மையம் அறிவிக்கும்போது இந்த வடிவில்தான் தருகிறது. ஆக, கைபேசியில் ஒன்று, கருவியில் ஒன்று, அறிவிப்புத் தாளில் ஒன்று என்று ஒரே துறைமுகத்தில் மூன்று முறைகள் புழங்குகின்றன. வாட்ஸ்அப்பில் ஒருவர் குறி எதுவும் இல்லாமல் வெறும் இலக்கங்களை அனுப்பினால், அது எந்த முறை என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கடலில் அந்த ஊகம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு எல்லைக்கோடே சாட்சி. 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்பாட்டில் பாக் நீரிணை எல்லை ஆறு புள்ளிகளால் வரையறுக்கப்பட்டது. அவற்றில் மூன்றாவது 9° 40.15' வடக்கு, 79° 22.60' கிழக்கு. டிகிரியும் தசம மினிட்டும் கொண்ட முறை இது. தசம டிகிரியில் 9.66917, 79.37667. ஒருவர் இதையே 9.4015, 79.2260 என்று மேப்பில் தட்டினால், குறி சரியான இடத்திலிருந்து ஏறத்தாழ 34 கிலோமீட்டர் தென்மேற்கே விழும். 40.15 மினிட்டை 40 மினிட் 15 செகண்ட் என்று படித்தாலோ 185 மீட்டர் பிசகும். பெரிய பிழை உடனே கண்ணில் படும். இந்தச் சின்னப் பிழைதான் யாருக்கும் தெரியாமல் கருவிக்குள் உட்கார்ந்துகொள்ளும். எல்லையைத் தாண்டினால் படகும் வலையும் பறிபோகலாம், ஆட்கள் சிறைக்குப் போகலாம் என்ற கடலில், பாயிண்ட் (இடத்தின் எண்கள்) எழுதுகிறவர் ° குறியையும் ' குறியையும் விடாமல் போடுவது தொழிலின் ஒரு பகுதி என்றே நான் நினைக்கிறேன்.

எண்களின் வரிசையும் மாறக்கூடும். மேப் அட்சரேகையை முதலில் தருகிறது. வரைபடக் குறிகளைச் சேமிக்கும் கேஎம்எல் போன்ற கோப்புகள் தீர்க்கரேகையை முதலில் எழுதுகின்றன. பாம்பனின் எண்களை இடம் மாற்றிப் போட்டால் ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலில் போய் விழும். ராமநாதபுரம் மாவட்டக் கரை முழுவதற்கும் அட்சரேகை 9இல் தொடங்கும், தீர்க்கரேகை 78 அல்லது 79இல் தொடங்கும். தொண்டியானாலும் ஏர்வாடியானாலும் இதுதான்.

பழைய தாள் வரைபடங்களிலிருந்து எண் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய வரைபடங்கள் பூமியின் வடிவத்துக்கு 1830இல் வகுத்த எவரெஸ்ட் கோளவடிவம் என்ற கணக்கை அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ்ஸும் இணைய வரைபடங்களும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற அடிப்படையில் இயங்குகின்றன. ஒரே இடத்துக்கு இரண்டிலும் எண்கள் சற்றே மாறும். நம் பகுதியில் அந்த வேறுபாடு 100 மீட்டருக்கும் மேல்.

மேப்பில் கடல் வெறும் நீலம். குருசடைத் தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறையின் ஆழமோ, தென்கடலின் (மன்னார் வளைகுடாவின்) பார்களோ, அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளோ அதில் இல்லை. கரையும் நிலையாக நிற்பதில்லை. அரிச்சல்முனை மணல் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. செயற்கைக்கோள் படம் அது எடுக்கப்பட்ட நாளின் கரையைத்தான் காட்டும். படத்தில் மணலாகத் தெரியும் இடத்தில் இன்று தண்ணீர் ஓடலாம். அங்கே மேப்பை நம்பிப் படகை ஓட்டுவதை விட, போய் நின்று கருவியிலேயே பாயிண்டைப் பதிந்துகொள்வது மேல்.

கரையை விட்டு விலகினால் டவர் போய்விடும், மேப் வெறும் கட்டமாக நிற்கும். ஆனால் ஜிபிஎஸ்ஸுக்கு டவரும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்தே கருவி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. வீட்டிலேயே பகுதி வரைபடத்தை இறக்கிவைத்துக்கொண்டால் கைபேசியும் கடலில் உதவும்.

கிளம்புவதற்கு முன் சரிபார்க்க ஒரு வழி உண்டு. படகு கட்டியிருக்கும் ஜெட்டியின் எண்ணை மேப்பில் எடுத்து, மாற்றி, கருவியில் ஏற்றி, அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். பத்து இருபது மீட்டர் என்று காட்டினால் எல்லாம் சரி. சில நூறு மீட்டர் என்றால் செகண்டும் தசம மினிட்டும் குழம்பியிருக்கின்றன, அல்லது கருவி அமைப்பில் டபிள்யூஜிஎஸ் 84 இல்லை. கிலோமீட்டர் கணக்கில் காட்டினால் தசம டிகிரி அப்படியே மினிட்டாகப் போயிருக்கிறது. எதிர்த்திசையிலும் இதைச் செய்யலாம்: கருவி காட்டும் 9 16.956, 79 12.096 என்ற எண்களை இடைவெளியோடு கூகுள் மேப்பின் தேடல் பெட்டியில் தட்டினால், அது அந்த முறையைப் புரிந்துகொண்டு குறியைப் பாம்பன் பாலத்திலேயே போடும்.